பாசிப் பெருக்கமும் அரசு உதவித்தொகையும்: கடலை நம்பிய சிறுதொழில்களுக்கு ஓர் எளிய விளக்கம்

2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை இங்குள்ளவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். செபராங் பிறையில் நான் கணக்கு எழுதித் தரும் ஒரு கடையில், நீர் வடிந்த பிறகு சுவரில் இடுப்பளவு உயரத்தில் சேற்றுக் கோடு ஒன்று நின்றது. விசாரிக்க வந்த அலுவலர் அந்தக் கோட்டையும் அதன் கீழே ஊறிக் கிடந்த அரிசி மூட்டைகளையும் படம் எடுத்துக்கொண்டார். இழப்பு நடந்ததா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கடலில் பாசி பெருகினால் அப்படி ஒரு கோடு எந்தச் சுவரிலும் விழாது. படகு உடையாது, கடையின் கூரை பறக்காது. ஆனால் மீன் வராது, வந்த மீனை வாங்க ஆள் இருக்காது, ஐஸ் விற்காது, கரையோர உணவகத்தில் நாற்காலிகள் காலியாக இருக்கும். இந்த இழப்பு தெரியும் இடம் கணக்குப் புத்தகம் மட்டுமே. எனவே, பாசிப் பெருக்கத்துக்கு ஓர் அரசு நிதி உதவி தரும்போது அது வெள்ள நிவாரணத்தைப் போல இல்லாமல் முற்றிலும் வேறு வகையில் இயங்குகிறது. அது எப்படி இயங்குகிறது என்பதைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில் பாசியைப் பற்றிச் சில சொற்கள். நாம் கடற்பாசி என்று கடையில் வாங்கிக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடுகிற பொருள் வேறு. இங்கே பேசப்படுவது ஒரே ஓர் உயிரணுவால் ஆன, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. கடல்நீரில் அது எப்போதும் இருப்பதுதான். வெப்பம், வெளிச்சம், ஆற்றுநீரோ கடலடி நீரோ கொண்டுவந்து சேர்க்கும் சத்துப்பொருள்கள், நீர் அசையாமல் நிற்கும் நிலை ஆகியவை ஒன்றுகூடும்போது அது சில நாள்களில் பல மடங்காகப் பெருகி, கடலின் நிறத்தையே சிவப்பாகவோ பழுப்பாகவோ மாற்றிவிடுகிறது. சில வகைப் பாசிகள் மீனின் செவுள்களைச் சிதைக்கின்றன. சில வகைகளின் நஞ்சு சிப்பி, கெராங், கூப்பாங் போன்றவற்றின் சதையில் சேர்ந்து, உண்பவரைத் தாக்குகிறது. அந்த நஞ்சு சமைத்தாலும் போவதில்லை. பெருகிய பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடுவதால், நஞ்சில்லாத பாசிகூட மீனைக் கொல்லக்கூடும்.

நம் பக்கத்துக் கடலுக்கும் இது புதிதல்ல. சபாவில் 1976இல் நச்சுப் பாசி பெருகி உயிர்கள் பலியாயின. 2014இல் ஜொகூர் நீரிணையின் மேற்குப் பகுதியில் கூண்டு மீன்கள் பெருமளவில் செத்தன. அடுத்த ஆண்டு அதே நீரிணையின் கிழக்குப் பகுதியில் சிங்கப்பூரின் மீன் பண்ணைகள் 500 டன்னுக்கும் அதிகமான மீனை இழந்தன. 2024 ஏப்ரலில் போர்ட் டிக்சன் கூப்பாங்கை உண்ண வேண்டாம் என்று மீன்வளத் துறை எச்சரித்தது. ஆனாலும், பாசியால் நட்டமடைந்த தொழில்களுக்கு அரசு எப்படி உதவுகிறது என்பதைக் கற்றுக்கொள்ள அண்மைக்காலத்தில் கிடைத்திருக்கும் நல்ல எடுத்துக்காட்டு தெற்கு ஆஸ்திரேலியாதான். அதன் தலைநகரான அடிலெய்டில் உறவினர் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கு உண்டு. அவர்களிடம் கேட்டால், கரையெங்கும் மீன் செத்து ஒதுங்கிய அந்த நாள்களைப் பற்றிச் சொல்வார்கள்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது

2025 மார்ச் மாதத்தில் அடிலெய்டுக்குத் தெற்கே ஃப்ளூரியு தீபகற்பத்தில் உள்ள வெயிட்பிங்கா, பார்சன்ஸ் கடற்கரைகளில் அலைச்சறுக்கு விளையாடியவர்களுக்குக் கண் எரிச்சலும் இருமலும் வந்தன. கரையில் நுரை தேங்கி நின்றது. மீன்கள் செத்து ஒதுங்கின. கரேனியா மிகிமோட்டோய் என்ற நுண்பாசியே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. கரேனியா கிறிஸ்டாட்டா என்ற மற்றொரு வகையும் அதில் பெரும் பங்கு வகித்தது பின்னர் கண்டறியப்பட்டது. கடல்நீர் வழக்கத்தைவிட ஏறக்குறைய 2.5 பாகை சூடாக இருந்ததும், 2022-23இல் மர்ரே ஆற்றில் வந்த பெருவெள்ளம் கடலில் சேர்த்த சத்துப்பொருள்களும், ஆழத்திலிருந்து மேலெழும்பிய குளிர்நீரும் இதற்கு வழிவகுத்திருக்கலாம் என்று அறிவியலாளர் கூறினர். பாசி சில வாரங்களில் அடங்கவில்லை; மாதக்கணக்கில் நீடித்து, வளைகுடாக்களுக்குள்ளும் அடிலெய்டின் கரைக்கும் பரவியது.

உதவி வழங்குவதில் முதல் சிக்கல் ஒரு சொல்லில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் மத்திய அரசும் மாநில அரசும் பேரிடர்ச் செலவைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. இயற்கைப் பேரிடர் என்றால் என்ன என்பதை அந்த ஏற்பாடு பட்டியலிட்டே வரையறுக்கிறது: காட்டுத்தீ, நிலநடுக்கம், வெள்ளம், புயல், சூறாவளி, புயலால் எழும் கடலேற்றம், நிலச்சரிவு, ஆழிப்பேரலை, விண்கல் வீழ்ச்சி, சுழற்காற்று. விண்கல் விழுவதுகூட அதில் இருக்கிறது, பாசி இல்லை. இது இயற்கைப் பேரிடரே என்று மாநில அரசின் தலைவரான பிரிமியர் பீட்டர் மலினோஸ்காஸ் பொதுவெளியில் சொன்னார். ஆயினும் மத்திய அரசு அந்த வரையறையை விரிவாக்கவில்லை. மாறாக, 2025 ஜூலையில் 14 மில்லியன் ஆஸ்திரேலிய டாலரைத் தனியாக ஒதுக்கியது. மாநில அரசும் அதே அளவு தொகையைச் சேர்க்க, முதல் உதவித் திட்டம் 28 மில்லியன் டாலராக அமைந்தது. அதே ஆண்டு அக்டோபரில், கோடைக்காலத்தை முன்னிட்டு 102.5 மில்லியன் டாலர் மதிப்பிலான பெரிய திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது.

மார்ச்சில் தொடங்கிய பாதிப்புக்கு இரு அரசுகளும் சேர்ந்து தந்த உதவித் திட்டம் ஜூலையில்தான் வந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பட்டியலில் பெயர் உள்ள பேரிடருக்கு நிதி வரும் பாதை ஏற்கெனவே வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பட்டியலில் இல்லாத பேரிடருக்கு ஒவ்வொரு முறையும் பாதையைப் புதிதாக வெட்ட வேண்டியிருக்கிறது. அந்த இடைப்பட்ட மாதங்களைக் கையிருப்பு உள்ள பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். வாரக் கூலிக்கு ஆள் வைத்திருக்கும் சிறு படகுக்காரரால் தாங்க முடியாது. உதவித்தொகை எவ்வளவு என்பதைவிட, அது எந்த வாரத்தில் கைக்கு வருகிறது என்பதே சிறுதொழிலின் உயிரைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

அந்தப் பணம் எந்தெந்த வடிவில் போய்ச் சேர்ந்தது? திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத மானியம் முதன்மையானது. தொடக்கத் திட்டத்தில் சிறுதொழில்களுக்கு 10,000 டாலர் வரையும், மீன்பிடி, நீருயிர் வளர்ப்புத் தொழில்களுக்கு 100,000 டாலர் வரையும் உச்ச அளவு வைக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மீன்பிடி உரிமதாரர்களுக்கு உரிமக் கட்டணத்தில் சலுகை தரப்பட்டது. கையில் பணம் தராமல் கையிலிருந்து போகும் பணத்தை நிறுத்துவது இந்த இரண்டாம் வகை. இதற்குப் புதிதாக ஆவணம் திரட்ட வேண்டியது குறைவு என்பதால் இது விரைவாகவும் சென்று சேரும். தொழில் ஆலோசகர், மனநல ஆலோசகர் ஆகியோரின் சேவை, நீர்ப் பரிசோதனைக்கான செலவு, கடலோர ஊர்களுக்கு மக்களை மீண்டும் வரவழைக்கும் வவுச்சர் ஆகியவை மறைமுக உதவிகள். சிப்பி வளர்ப்பவருக்கு உள்ளூரிலேயே நஞ்சுப் பரிசோதனை விரைவாகக் கிடைப்பது, சில சமயம் மானியத்தைவிடப் பெரிய உதவியாகிவிடும்; ஏனென்றால் பரிசோதனை முடிவு வரும்வரை அவர் ஒரு சிப்பியைக்கூட விற்க முடியாது.

இழப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை

உதவித் திட்டங்களைப் படிக்கும்போது, பாசி உண்டாக்கும் இழப்புகள் மூன்று விதமானவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல நிபந்தனைகள் எளிதில் விளங்கும்.

முதலாவது, மீன் செத்துப்போவது. இதில் இழந்த பொருள் கண்முன் கிடக்கிறது. ஆனால் இரண்டு நாளில் அழுகிவிடுகிறது. எத்தனை மீன், எத்தனை கிலோ, எந்தக் கூண்டு, எந்த நாள் என்று அப்போதே எழுதிப் படம் எடுத்து, அன்றைக்கே அதிகாரிக்குத் தகவல் சொல்லி, நீர் மாதிரியும் எடுத்து வைக்காவிட்டால், பின்னர் எதனால் செத்தது என்று நிறுவுவது கடினம். ஆலைக்கழிவா, உயிர்வளிக் குறைவா, நோயா, பாசியா என்ற கேள்விக்கு விடை தருவது அந்தப் புட்டி நீர்தான். நம் பகுதியில் இந்த ஆய்வைச் செய்யக்கூடிய மீன்வள ஆய்வு நிலையம் பத்து மாவுங்கிலேயே இருக்கிறது. பினாங்கின் கூண்டு மீன் வளர்ப்பாளருக்கு இது ஒரு பெரும் வசதி.

இரண்டாவது, உயிரோடு நன்றாக இருக்கும் பொருளை விற்க முடியாமல் போவது. தெற்கு ஆஸ்திரேலியாவில் சிப்பியில் பிரிவிடாக்சின் என்ற நஞ்சு கண்டறியப்பட்டதால், யார்க் தீபகற்பத்தின் ஸ்டான்ஸ்பரியிலும் கங்காரு தீவின் அமெரிக்கன் ரிவரிலும் சிப்பி அறுவடை நிறுத்தப்பட்டது. சிப்பி சாகவில்லை, கடலிலேயே வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வருமானம் நின்றுவிட்டது. கூலியும் வாடகையும் கடன் தவணையும் நிற்கவில்லை. இங்கே தடை ஆணையில் தேதி இருப்பதால் இழப்பை நிறுவுவது எளிது. மூடிய நாளும் திறந்த நாளும் அரசின் கையெழுத்திலேயே இருக்கும்.

மூன்றாவது வகைதான் மிகவும் துன்பம் தருவது. எந்த மீனும் சாகவில்லை, எந்தத் தடையும் இல்லை. மக்கள் அஞ்சி வராமல் இருக்கிறார்கள். தூண்டில் கடை, படகுச் சவாரி, கரையோர விடுதி, மீன் உணவகம், அவற்றுக்குக் காய்கறி தருபவர் என்று சங்கிலி நீண்டுகொண்டே போகிறது. இவர்களுக்குக் காட்டப் படமும் இல்லை, தடை ஆணையும் இல்லை. விற்பனை குறைந்தது என்ற ஒன்று மட்டுமே சான்று. எனவேதான் உதவித் திட்டங்கள் விற்பனைச் சரிவு என்ற அளவுகோலைப் பிடித்துக்கொள்கின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவின் தொடக்கத் திட்டத்தில் அந்த அளவு 30 விழுக்காடாக இருந்தது.

முப்பது விழுக்காடு என்ற கோடு

இந்த அளவுகோலை நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றில் வைத்துப் பார்ப்போம். புக்கிட் தம்புன் பக்கத்தில் மீன் படகுகளுக்கு ஐஸ் விற்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சென்ற ஆண்டு குறிப்பிட்ட மூன்று மாதங்களில் அவருடைய மொத்த விற்பனை 54,000 ரிங்கிட். பாசி வந்த இந்த ஆண்டில் அதே மூன்று மாதங்களில் 37,000 ரிங்கிட். குறைந்தது 17,000 ரிங்கிட். விழுக்காட்டில் 31க்குச் சற்று மேல். அவருக்கு உதவி கிடைக்கும். இவ்வாண்டு விற்பனை 38,500 ரிங்கிட்டாக இருந்திருந்தால் சரிவு 28.7 விழுக்காடு மட்டுமே, உதவி கிடைக்காது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1,500 ரிங்கிட், அதாவது ஒரு நாளைக்குப் பதினேழு ரிங்கிட்டுக்கும் குறைவு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவரும் அந்தப் பக்கம் நிற்பவரும் ஒரே அளவு துன்பப்பட்டிருக்கிறார்கள். கோடு போடாமல் பொதுப் பணத்தைப் பகிர முடியாது என்பது உண்மையே. என்றாலும், சரிவின் அளவுக்கு ஏற்பத் தொகை படிப்படியாக ஏறும் முறை இதைவிட நேர்மையானது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எந்தக் காலத்தோடு ஒப்பிடுவது என்பதும் சிறிய கேள்வியல்ல. கடல் தொழிலுக்குப் பருவம் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரையான விற்பனையை அதற்கு முந்திய மூன்று மாதங்களோடு ஒப்பிட்டால், பாசி வராத ஆண்டிலும் சரிவு தெரியும். ஏனென்றால் சீனப் புத்தாண்டுக்கு முன் கெராப்பு மீனும் வவ்வால் மீனும் விற்கும் வேகம் மற்ற மாதங்களில் இருப்பதில்லை. எனவே சென்ற ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடுவதே வழக்கம். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. 2025இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29 அன்று வந்தது. 2026இல் பிப்ரவரி 17 அன்று வந்தது. ஜனவரியை ஜனவரியோடு மட்டும் ஒப்பிட்டால் இல்லாத சரிவு இருப்பதுபோலவும், பிப்ரவரியைப் பிப்ரவரியோடு ஒப்பிட்டால் இருக்கும் சரிவு இல்லாததுபோலவும் தோன்றும். மூன்று மாதங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்தக் குளறுபடி பெரும்பாலும் சரியாகிவிடும். விண்ணப்பப் படிவத்தில் விளக்கம் எழுத இடம் இருந்தால் இதை இரண்டு வரியில் எழுதிவிடுவது நல்லது. மீன் சந்தையின் பண்டிகைக் கணக்கு மேசையில் இருக்கும் எல்லா அலுவலருக்கும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

விற்பனை வேறு, இலாபம் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளூர் மீன் கிடைக்காதபோது ஒரு மீன் வியாபாரி தாய்லாந்திலிருந்து வரும் மீனைக் கூடுதல் விலைக்கு வாங்கி, தன் நாசி கண்டார் கடை வாடிக்கையாளர்களைக் கைவிடாமல் பழைய விலைக்கே விற்றார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய விற்பனைத் தொகை குறையவே இல்லை. இலாபம் முழுவதும் கரைந்துவிட்டது. விற்பனைச் சரிவை மட்டும் பார்க்கும் திட்டத்தில் இவருக்கு ஒரு காசும் கிடைக்காது. போராடித் தொழிலைக் காப்பாற்றியவர் விடுபட, கடையை மூடியவர் தகுதி பெறும் நிலை இது. திட்டம் வகுப்பவர்கள் கொள்முதல் ரசீதுகளையும் சான்றாக ஏற்றால் இந்தக் குறை நீங்கும்.

முற்றிலும் விடுபட்டுப்போகிறவர்களும் உண்டு. தொழில் தொடங்கி ஓராண்டு ஆகாதவருக்கு ஒப்பிடச் சென்ற ஆண்டே இல்லை. உரிமம் இல்லாமல் கூண்டு வைத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் இல்லை. படகில் கூலிக்குப் போகிறவர், சிப்பி உடைத்துக் கொடுக்கும் பெண்கள் ஆகியோருக்குத் தொழில் பதிவே கிடையாது. முதலாளிக்குப் போகும் மானியத்தில் அவர்களுக்குக் கூலியாக ஏதாவது வந்தால்தான் உண்டு. சிலி நாட்டின் சிலோயே தீவில் 2016 மே மாதம் பாசியால் தொழில் இழந்த மீனவர்கள், அரசு தர முன்வந்த தொகை குடும்பம் நடத்தப் போதாது என்று சாலைகளை மறித்துப் போராடினார்கள். தொகையும் தகுதியும் கடற்கரையில் வாழ்பவரைக் கேட்காமல் முடிவு செய்யப்படும்போது என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

வேறொரு வழி, காப்பீடு. 1972இல் ஜப்பானின் ஹரிமா நாடா கடற்பகுதியில் செந்நீர்ப் பாசி பெருகி, சுமார் 1 கோடியே 40 இலட்சம் வளர்ப்பு மீன்கள் செத்தன. அங்கு மீனவர்களுக்கான கூட்டுக் காப்பீட்டு முறை 1964ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அந்தப் பேரழிவுக்குப் பிறகு செந்நீர் இழப்புக்கான தனிப் பிரிவும் அதில் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அமைச்சரவை கூடி முடிவெடுக்கும்வரை காத்திருக்காமல், முன்பே எழுதப்பட்ட விதியின்படி பணம் வரும் என்பதே இதன் பலம்.

நம்மவர்கள் இப்போதே செய்யக்கூடியது

மலேசியாவில் பேரிடர் உதவி என்றதும் நம் மக்கள் நினைவுக்கு வருவது வெள்ளத்துக்குப் பின் குடும்பத்துக்குத் தரப்படும் வாங் இஹ்சான் என்ற உதவித்தொகை. அது குடும்பத்துக்கானது, தொழில் இழப்பைக் கணக்கிட்டுத் தரப்படுவது அல்ல. பதிவு பெற்ற மீனவர்களுக்கு மாதாந்திர வாழ்க்கைப்படியும், மீன்பிடி மேம்பாட்டு வாரியமான எல்கேஐஎம்மின் வழியே நலநிதி உதவிகளும் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் வாசல் ஒன்றே: பதிவு. வட்டார மீனவர் சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவர், கூண்டுக்கு உரிமம் எடுக்காதவர், ஐஸ் கடையை நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்யாதவர் ஆகியோருக்கு, நாளை பாசிக்கென்றே ஒரு திட்டம் வந்தாலும் படிவத்தின் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாது.

பதிவுக்கு அடுத்தது கணக்கு. என்னிடம் வரும் ஐஸ் வியாபாரி ஒருவர், வங்கிக் கடனுக்காக மூன்று மாத விற்பனையைக் கேட்டபோது, சட்டைப் பையிலிருந்து 555 நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். "எல்லாம் இதுலதாம்மா இருக்கு" என்றார். இருந்தது உண்மைதான். படகின் பெயர், எத்தனை கட்டி, பாக்கி எவ்வளவு என்று பென்சிலால் எழுதியிருந்தார். ஆனால் ஐஸ் நீரும் மீன் நீரும் பட்டுப் பாதிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எந்தப் பக்கத்திலும் ஆண்டு இல்லை. பணம் வந்த வரிகளை அவர் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். அவருக்கு அது முழுமையான கணக்கு. மூன்றாம் மனிதருக்கு அது விற்பனைச் சான்று ஆகாது.

555 புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பென்சிலுக்குப் பதில் பேனா. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நாள், மாதம், ஆண்டு. அடிக்காமல் ஓரத்தில் "பணம் வந்தது" என்ற குறி. இரவில் கடையை அடைக்கும்முன் அன்றைய பக்கத்தைக் கைப்பேசியில் ஒரு படம். வரும் பணத்தை, கையில் வாங்கினாலும், வாரம் ஒருமுறையாவது தொழில் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். வங்கி அறிக்கையை எந்த அலுவலகமும் மறுப்பதில்லை. கூண்டு வைத்திருப்பவர் குஞ்சு வாங்கிய ரசீதையும் தீவன ரசீதையும் கூண்டு எண்ணோடு சேர்த்து வைக்க வேண்டும். குஞ்சு எத்தனை விட்டோம் என்பதற்குச் சான்று இருந்தால்தான் எத்தனை செத்தது என்று சொல்வதை நம்புவார்கள்.

கடலின் நிறம் மாறியதாகவோ மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதாகவோ தெரிந்தால், நேரத்தைக் குறித்துக்கொண்டு, தூய்மையான புட்டியில் நீரை எடுத்து, வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்து, உறைய விடாமல், அன்றே மீன்வளத் துறையிடம் சேர்ப்பது நல்லது. கொடுத்ததற்கு ஒரு கையொப்பமோ குறிப்பெண்ணோ வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஐஸ் வியாபாரி இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கைப்பேசியில் முப்பது படங்கள், ஒரு வங்கி அறிக்கை, புதிய 555 புத்தகம். கணக்கை ஏட்டில் ஏற்ற எனக்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை.